ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர்: அகதியாக வந்து அகதிகளுக்கு ஊர் வகுத்த ஜெர்மானியர்

ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் (1908–1999) ஜெர்மனியில் பிறந்த கட்டடக் கலைஞர், நகரமைப்பாளர். 1939 முதல் 1951 வரை இந்தியாவில் பணியாற்றினார். மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தார். ஜாம்ஷெட்பூரின் வளர்ச்சித் திட்டத்தையும் ஒடிசாவின் புதிய தலைநகரான புவனேசுவரத்தின் முதல் நகரத் திட்டத்தையும் வரைந்தார். நாடு பிரிந்த பின் மத்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராகப் பொறுப்பேற்றார். சண்டிகர் என்றதும் லெ கொர்புசியே என்ற பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். கோனிக்ஸ்பெர்கரின் பெயரைக் கட்டடக்கலை மாணவர்களுக்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. தில்லியில் அவர் பொறுப்பில் நடந்த ஒரு பெருந்திட்டம் தோற்றுப்போனது அதற்கு ஒரு காரணம். ஆனால் உலகின் வெப்ப நாடுகள் பலவற்றில் ஏழைகளின் வீட்டைப் பற்றி அரசுகள் சிந்திக்கும் விதத்தை அவர் மாற்றியது அந்தத் தோல்விக்குப் பிறகுதான். அதனால் இந்தக் கட்டுரையில் அவர் கட்டியவற்றைவிட, கட்டும்போது கற்றுக்கொண்டவற்றுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

பெர்லினில் படித்த பாடம்

ஜெர்மன் நகரங்களில் 'ஷ்டாட்பௌராட்' என்றொரு பதவி உண்டு. நகரக் கட்டடக் கலைஞர் என்று தமிழில் சொல்லலாம். நம் பக்கத்துப் பொதுப்பணித்துறைத் தலைமைப் பொறியாளர், நகரமைப்பு அதிகாரி, வீட்டுவசதி வாரியத் தலைவர் ஆகிய மூவரையும் ஒரே ஆளாக்கினால் ஏறக்குறைய அந்தப் பதவி வரும். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. தொழிலாளர் குடும்பங்கள் வெளிச்சமில்லாத பின்கட்டு அறைகளில் அடைந்து கிடந்தன. அந்தச் சூழ்நிலையில் இந்தப் பதவிக்கு வந்தவர்கள் சிலர் பெரிய காரியங்களைச் செய்தார்கள். மாக்டெபுர்க் நகரில் புரூனோ டௌட் 1921 முதல் 1924 வரை அப்பதவியில் இருந்தார். பிராங்பர்ட்டில் எர்ன்ஸ்ட் மாய் 1925இல் பொறுப்பேற்று, ஐந்தாண்டுகளில் 10,000க்கும் மேற்பட்ட வீடுகளை எழுப்பினார். அங்கே ஒரு புதுமையும் நடந்தது. சுவர்ப் பலகைகளைத் தொழிற்சாலையில் கான்கிரீட்டால் வார்த்து, கிரேன் வைத்துத் தூக்கி நிறுத்தி வீடு கட்டினார்கள். வீடு என்பது கொத்தனார் கட்டுவது என்ற நிலை மாறி, மோட்டார் வண்டியைப் போலத் தொழிற்சாலையில் செய்து அனுப்பக்கூடிய பொருள் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறைக்கு ஏற்பட்டது. இந்த நம்பிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தில்லியில் அதை மறுபடி சந்திப்போம்.

1908 அக்டோபர் 13 அன்று பெர்லினில் பிறந்த கோனிக்ஸ்பெர்கர், அந்நகரின் தொழில்நுட்ப உயர்கல்விக் கூடத்தில் படித்து 1931இல் பட்டம் பெற்றார். ஹான்ஸ் போல்ட்சிக்கும், மாக்டெபுர்க்கிலிருந்து பெர்லினுக்குத் திரும்பியிருந்த புரூனோ டௌட்டும் அவருக்கு ஆசிரியர்கள். டௌட் பெர்லினில் குதிரை லாட வடிவில் கட்டிய பிரிட்ஸ் குடியிருப்பு 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சாதாரணத் தொழிலாளிக்கு வெளிச்சமும் காற்றும் தோட்டமும் உள்ள வீடு கிடைக்க வேண்டும் என்பது அந்த ஆசிரியர்கள் நடத்திய பாடத்தின் சாரம்.

மாணவர் முதல் வரிசைக்காரர்தான். 1933இல் புகழ்பெற்ற ஷிங்கெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். ஏப்ரலில் வந்த சட்டம் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. யூதக் குடும்பத்தவரான கோனிக்ஸ்பெர்கர் வேலையை இழந்தார். டௌட்டும் நாட்டை விட்டு வெளியேறி, ஜப்பானில் சில ஆண்டுகள் இருந்து, துருக்கியில் 1938இல் இறந்தார்.

கெய்ரோவும் மைசூரும்

வெளியேறிய இளைஞருக்கு எகிப்தில் அடைக்கலம் கிடைத்தது. நெஃபெர்டிட்டி அரசியின் சிலையைக் கண்டெடுத்த தொல்லியலாளர் லுட்விக் போர்ச்சார்ட், கெய்ரோவில் பண்டைய எகிப்தியக் கட்டடக்கலைக்கென ஓர் ஆய்வு நிறுவனம் நடத்திவந்தார். அங்கே சேர்ந்த கோனிக்ஸ்பெர்கர், பழைய எகிப்தியக் கதவுகள் எப்படிச் செய்யப்பட்டன என்பதை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப் படித்தவர் மூவாயிரம் ஆண்டுப் பழமையான கதவின் குமிழ்களை அளந்துகொண்டிருந்தார் என்றால் விந்தையாகத்தான் இருக்கிறது. எனினும் அது வீண்போகவில்லை. அடுத்து அவர் போகவிருந்த தேசமும் எகிப்தைப் போல வெயிலோடு வாழப் பழகிய தேசம்.

அவர் இந்தியாவுக்கு வந்த வழியில் நமக்கு நன்கு அறிமுகமான ஒருவர் வருகிறார். கோனிக்ஸ்பெர்கரின் தாய் கேத்தே, புகழ்பெற்ற இயற்பியலாளர் மாக்ஸ் போர்னின் தங்கை. போர்னும் 1933இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பதவியை இழந்தவர். அவரைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தவர், அப்போது அதன் இயக்குநராக இருந்த நம் சி.வி. ராமன். போர்ன் 1935–36இல் சில மாதங்கள் பெங்களூரில் தங்கினார். அவரை நிரந்தரமாக அங்கே வைத்துக்கொள்ள ராமன் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. போர்ன் எடின்பரோவுக்குச் சென்றுவிட்டார். ஆனால் அந்தச் சில மாதங்களில் மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயிலுடன் ஏற்பட்ட அறிமுகம், மருமகனுக்குப் பயன்பட்டது. 1939இல் கோனிக்ஸ்பெர்கர் மைசூர் அரசின் பணியில் சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது 30.

சமஸ்தானம் அவருக்குக் கொடுத்த வேலைகளின் பட்டியலைப் பார்த்தால், ஜெர்மன் நகரக் கட்டடக் கலைஞரின் பதவியே பெங்களூரில் மறுபிறவி எடுத்ததுபோல் இருக்கிறது. பூங்கா மண்டபம், பேருந்து நிலையம், ஆய்வுக்கூடம், பத்ராவதி இரும்பாலை நகரின் திட்டம் என்று எல்லாம் அவர் மேசைக்கு வந்தன. பசவனகுடியில் உள்ள கிருஷ்ணராவ் பூங்கா மண்டபமும், போர் வெற்றியின் நினைவாகக் கட்டிய விக்டரி ஹாலும் அவருடைய வடிவமைப்புகள். இந்திய அறிவியல் கழகத்தில் 1942இல் தொடங்கிய வானூர்திப் பொறியியல் துறைக்கும், உலோகவியல் துறைக்கும், மாணவர் உணவுக்கூடத்துக்கும் அவர் கட்டடம் வரைந்தார்.

திவானின் ரசனைக்கும் இவருடைய படிப்புக்கும் இடைவெளி இருந்தது. மிர்சா இஸ்மாயில் நகரை அழகுபடுத்துவதில் பெரிய ஆர்வலர். பூங்கா, நீரூற்று, குவிமாடம், அலங்கார விளக்கு எல்லாம் அவருக்கு வேண்டும். அலங்காரம் தேவையில்லை, பயன்பாடே வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்று பெர்லினில் படித்தவர் இவர். ஆனாலும் பிடிவாதம் பிடித்து வெளியேறவில்லை, படித்ததை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடவும் இல்லை. கேட்ட அலங்காரத்தை அளவோடு தந்துவிட்டு, நிழலையும் காற்றையும் கவனித்தார்.

வெயிலுக்கு எந்தப் பக்கம் முதுகு காட்டுவது?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் கோனிக்ஸ்பெர்கரின் பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் இதுவே விதை.

பெர்லின் ஏறக்குறைய 52½ பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வருவதில்லை. டிசம்பர் மாத நண்பகலில் கூடத் தொடுவானத்துக்கு மேலே 14 பாகை உயரத்தில்தான் நிற்கும். எனவே அங்கே நல்ல வீடு என்றால் தெற்கு நோக்கிப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து வெயிலை உள்ளே அழைக்கும் வீடு. பெங்களூரு 13 பாகையில், நம் புதுச்சேரி 12 பாகையில் இருக்கின்றன. வில்லியனூரிலோ பாகூரிலோ ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. அந்த இரு நாள்களுக்கு இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. சமூக அறிவியல் வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் நம்பவே மாட்டார்கள். பள்ளி மைதானத்தில் ஒரு கம்பை நட்டுக் காட்டினால்தான் நம்புவார்கள்.

ஆகவே இங்கே கணக்கு தலைகீழ். வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் ஒரு சிறிய சன்ஷேடு காப்பாற்றிவிடும், வெயில் உயரத்திலிருந்து வருவதால். கிழக்கு, மேற்குச் சுவர்களை எந்தச் சன்ஷேடும் காப்பாற்றாது. காலையிலும் மாலையிலும் வெயில் படுக்கையாக வந்து நேரே சுவரில் அடிக்கும். எனவே கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, அதன் நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். அறைகள் ஒற்றை வரிசையில் இருந்தால் ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேறும். கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ராஜஸ்தானத்தில் தடித்த சுவர் பகல் வெப்பத்தைத் தாங்கி இரவில் வெளியிடும். அங்கே இரவு குளிர்வதால் அது நன்மை. நம் பக்கம் இரவும் புழுக்கம்தான். மொட்டை மாடிக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவு பத்து மணிக்குத் தலைமேல் இறக்குவது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம்.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவர் கோனிக்ஸ்பெர்கர் என்று சொல்ல முடியாது. திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் நாட்டு ஓடும் இதே கணக்கின் விடைகள்தான். நம் புதுச்சேரியிலேயே அதே காலத்தில், செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் ஆசிரமத்துக்காக வடிவமைத்த கோல்கொண்டா விடுதி எழுந்தது. அதன் வடக்கு, தெற்கு முகப்புகள் முழுவதும் திறந்து மூடும் பலகை அடைப்புகள். மின்விசிறிக்குக் கூட வேலை வைக்காத கட்டடம் அது. கோனிக்ஸ்பெர்கரின் பங்கு வேறு. வழிவழியாகக் கையறிவாக இருந்ததை, வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, மழை என்று அளந்து, எந்த ஊர்ப் பொறியாளரும் பின்பற்றக்கூடிய முறையாக மாற்றினார்.

ஜாம்ஷெட்பூரும் புவனேசுவரமும்

1940களின் நடுவில் டாட்டா நிறுவனம் ஜாம்ஷெட்பூருக்குப் புதிய வளர்ச்சித் திட்டம் வரையும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. அவருக்கு முன்பே அந்நகருக்கு மூன்று திட்டங்கள் வரையப்பட்டிருந்தன. போர்க்காலத்தில் ஆலை பெருக, ஊரும் பிதுங்கியது. பெங்களூரில் அவர் அலுவலகத்தில் இந்த வேலைக்கு உதவியவர்களுள் கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வாவும் ஒருவர். பிற்காலத்தில் இலங்கையின் நவீனக் கட்டடக்கலை முன்னோடியாக அறியப்பட்டவர். முல்க் ராஜ் ஆனந்த் 1946இல் பம்பாயில் தொடங்கிய 'மார்க்' கலை இதழின் தொடக்கக் குழுவிலும் இந்த இருவரும் இருந்தார்கள்.

புவனேசுவரம் சுதந்திர இந்தியாவின் கதை. கட்டாக் நகரம் இரண்டு ஆறுகளுக்கு நடுவே நெருக்கடியில் இருந்ததால் ஒடிசாவுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1948 ஏப்ரல் 13 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். சண்டிகருக்கு லெ கொர்புசியே வருவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. லிங்கராஜர் கோயிலைச் சூழ்ந்த பழைய நகரத்தைத் தொடாமல், அதற்கு வடக்கே புதிய ஊரைக் கோனிக்ஸ்பெர்கர் வகுத்தார். கட்டடங்களை வடிவமைக்கும் பொறுப்பு ஜூலியஸ் வாஸ் என்ற கட்டடக் கலைஞருக்குக் கிடைத்தது.

திட்டத்தின் அடிப்படை எளிமையானது. ஊரைச் சிறு சிறு குடியிருப்பு அலகுகளாகப் பிரி. ஒவ்வோர் அலகுக்கும் பள்ளி, கடை, மருந்தகம், விளையாட்டிடம் உள்ளேயே இருக்கட்டும். ஒரு குழந்தை பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்கு நடந்து போக வேண்டும். சாலைகளை அவர் ஏழு வகையாகப் பிரித்தார். நடைபாதை, சைக்கிள் பாதை, வீட்டுத் தெரு, பெருஞ்சாலை என்று ஒவ்வொன்றும் யாருக்காக என்பதே அந்தப் பிரிவின் அளவுகோல். கார் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய 1948இல், நடப்பவரையும் சைக்கிளில் போகிறவரையும் முன்வைத்து ஒரு தலைநகரை வரைந்தது என் கண்ணில் அவருடைய பெரிய சிறப்பு.

குறைகளும் உண்டு. அவர் எண்ணியது ஒரே அலகில் அதிகாரியும் குமாஸ்தாவும் கடைநிலை ஊழியரும் கலந்து வாழும் ஊர். நடந்தது வேறு. அரசு ஊழியர் குடியிருப்புகள் பதவிக்குத் தகுந்த வகைகளாகக் கட்டப்பட்டதால், பதவி அடுக்கு அப்படியே தெரு அடுக்காயிற்று. ஊரைத் தாழ்ந்த வீடுகளோடு பரவலாக அமைத்ததில் நிலம் அதிகம் செலவானது என்ற விமர்சனமும் இருக்கிறது. திட்டம் எதிர்பார்த்த மக்கள்தொகை 40,000. 2011 கணக்கெடுப்பில் அந்நகரில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள்.

தில்லித் தொழிற்சாலை

1947இல் நாடு பிரிந்தது. மேற்கே பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் லட்சக்கணக்கானோர் உடுத்திய துணியோடு வந்து இறங்கினார்கள். குருக்ஷேத்திரத்தில் கூடாரங்களே ஒரு நகரமாயின. 1948இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வீட்டுவசதி இயக்குநராகக் கோனிக்ஸ்பெர்கர் நியமிக்கப்பட்டார். அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வீடிழந்து ஓடிவந்த ஒருவர், வீடிழந்து வந்த மக்களுக்கு ஊர் அமைக்கும் பொறுப்புக்கு வந்தார். பரிதாபாத், நீலோகேரி, ராஜ்புரா, காந்திதாம் என்று எழுந்த புதிய நகரங்களின் திட்டங்களில் அவருக்குப் பங்கு இருந்தது.

எண்ணிக்கையோ மலைக்க வைத்தது. செங்கல் அறுத்து, சூளை போட்டு, சிமென்டுக்குக் காத்திருந்து கட்டினால் எத்தனை ஆண்டு ஆகும்? பிராங்பர்ட் நினைவு அவருக்கு வராமல் இருந்திருக்காது. வீட்டைத் தொழிற்சாலையில் செய்வோம் என்ற முடிவுக்கு அரசு வந்தது. பிரிட்டிஷ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு தில்லி ஜங்புராவில் அரசு வீட்டுத் தொழிற்சாலை எழுந்தது. காற்றுக்குமிழ்கள் கலந்த லேசான கான்கிரீட்டில் பெரிய சுவர்ப் பலகைகளை வார்த்து, லாரியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய்ப் பொருத்துவது திட்டம்.

பலகைகள் விரிசல் விட்டன. ஏற்றி இறக்குவதில் உடைந்தன. வீட்டின் விலை சொன்ன கணக்குக்குள் நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் கேள்விமேல் கேள்வி எழுந்தது. தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. 1951இல் கோனிக்ஸ்பெர்கர் இந்தியாவை விட்டு லண்டனுக்குப் போனார். அந்தத் தொழிற்சாலை பின்னர் இந்துஸ்தான் ஹவுசிங் பாக்டரி என்ற பெயரில் 1953இல் மறுபடி அமைக்கப்பட்டு, ரயில்வே ஸ்லீப்பர், மின்கம்பம் போன்றவற்றைச் செய்யும் அரசு நிறுவனமாக நெடுங்காலம் இயங்கியது. 1978இல் அதன் பெயர் இந்துஸ்தான் பிரீஃபேப் என்று மாறியது.

ஏன் தோற்றது? பிராங்பர்ட்டில் கிரேன் மலிவு, கொத்தனார் கூலி அதிகம். தில்லியில் எல்லாம் எதிர்மாறு. வேலைக்கு ஏங்கும் கைகள் லட்சக்கணக்கில் இருந்தன, இயந்திரத்துக்குத்தான் பஞ்சம். முகாமில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு, வேறொருவர் இயந்திரத்தில் செய்த சுவரைக் கொண்டுபோய்க் கொடுப்பது இருவழியிலும் நட்டம். அவனுக்குக் கூலியும் கிடைக்கவில்லை, வீடும் கிடைக்கவில்லை. இதன் மறுபக்கத்தை அதே ஆண்டுகளில் பரிதாபாத்தில் பார்க்க முடிந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய, எல்.சி. ஜெயின் போன்றோரின் கூட்டுறவு இயக்கம் அங்கே எல்லைப்புற மாகாணத்து அகதிகளைக் கூட்டுறவுகளாக அமைத்தது. ஒப்பந்தக்காரர் இல்லாமல் அவர்களே தங்கள் வீடுகளைக் கட்டினார்கள், கட்டும் தொழிலையும் கற்றுக்கொண்டார்கள். நீலோகேரியில் எஸ்.கே. தே இதே வழியில் போனார். பிற்காலத்தில் நாட்டின் சமூக வளர்ச்சித் துறைக்கு அமைச்சரானவர் இவரே.

தோற்ற பின் அந்த அதிகாரி என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டும். கோனிக்ஸ்பெர்கர் பழியை வெயிலின் மீதும் தொழிலாளர் மீதும் போட்டுவிட்டு மேலும் ஒரு தொழிற்சாலையைப் பரிந்துரைத்திருக்கலாம். அப்படிச் செய்தவர்கள் உலகில் நிறைய. அவர் போன பாதை வேறு என்பதற்கு ஆப்பிரிக்காவில் சான்று இருக்கிறது.

கூரைக்கு மட்டும் கடன்

1954இல் ஐக்கிய நாடுகள் அவை, அப்போது கோல்டு கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட கானாவுக்கு வீட்டுவசதி ஆலோசகர்களாக மூவரை அனுப்பியது: அமெரிக்கர் சார்லஸ் ஆப்ராம்ஸ், விளாடிமிர் போடியான்ஸ்கி, கோனிக்ஸ்பெர்கர். அங்கே ஒரு டச்சு நிறுவனம் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் வீடுகளை விற்க முயன்றுகொண்டிருந்தது. தில்லியில் சூடுபட்டவரிடமே அந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. அந்த நாட்டு மக்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதே மூவரின் முடிவு.

வேண்டாம் என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. கிராமங்களைப் போய்ப் பார்த்தார்கள். மக்கள் மண்சுவரைத் தாங்களே எழுப்பிக்கொள்கிறார்கள். மண் இருக்கிறது, கை இருக்கிறது, உறவுக்காரர் உதவி இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய கூரைத் தகடு, மரச்சட்டம், கதவு, ஜன்னல் வரும்போதுதான் வேலை நின்றுபோகிறது. கூரையில்லாத சுவர் இரண்டு மழைக்காலத்தில் கரைந்துவிடுகிறது. எனவே அவர்கள் பரிந்துரைத்தது 'கூரைக் கடன்'. கிராமத்தார் ஒரு வீட்டுச் சங்கம் அமைக்க வேண்டும். உறுப்பினர் தம் சுவரைக் கூரை மட்டம் வரை கட்டி முடித்தால், கூரைக்கும் கதவு ஜன்னலுக்கும் மட்டும் சங்கத்தின் வழியாகக் கடன் கிடைக்கும். அவர் திருப்பிக் கட்டும் பணம் அடுத்தவரின் கூரைக்குப் போகும். முழு வீட்டுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை மட்டும் அரசு போட்டால் போதும். நம் அரசுகளின் வீட்டுத் திட்டங்களில் அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாகப் பணம் தரும் முறையைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கூரைக் கடன் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கட்டுகிறவர் வீட்டுக்காரரே என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது.

லண்டன் வகுப்பறை

லண்டனில் அவர் முதலில் சேர்ந்தது வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில், வீட்டையும் உடல்நலத்தையும் சேர்த்து ஆராயும் பணியில். 1953இல் நைஜீரிய மாணவர் அடெடோகுன் அடெயெமி ஒரு நியாயமான கேள்வியை எழுப்பினார். குளிர்நாட்டுக் கட்டடக்கலையை லண்டனில் படித்துவிட்டு வெயில்நாட்டுக்குப் போய் நாங்கள் என்ன கட்டுவது? அதையொட்டி ஒரு மாநாடு கூடியது. 1954இல் கட்டடக்கலைச் சங்கப் பள்ளியில் வெப்பமண்டலக் கட்டடக்கலைத் துறை பிறந்தது. மாக்ஸ்வெல் ஃப்ரைக்குப் பின் 1957இல் கோனிக்ஸ்பெர்கர் அதன் தலைவரானார். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்து குவிந்தார்கள். 1971இல் அத்துறை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறி, வளர்ச்சித் திட்டமிடல் பிரிவு என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

அவர் மூன்று பேருடன் சேர்ந்து எழுதி 1970களின் முற்பகுதியில் வெளிவந்த வெப்பமண்டல வீட்டுக் கையேடு, இந்தியாவின் கட்டடக்கலைக் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்கள் படித்த பாடநூல். கார்ல் மஹோனி என்பவர் பெயரால் வழங்கும் அட்டவணைகளும் இந்தக் குழுவின் உழைப்பே. ஓர் ஊரின் மாதாந்திர வெப்பநிலை, ஈரப்பதம், மழை, காற்று ஆகிய எண்களை எழுதிக் கூட்டினால், கட்டடம் எந்தத் திசை பார்க்க வேண்டும், ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், சுவர் தடிப்பா மெலிதா, கூரை எப்படி என்பதற்கு விடை வரும். கணிப்பொறி தேவையில்லை, பென்சிலும் தாளும் போதும். புதுச்சேரிக்கான வானிலைத் துறை எண்களை வைத்துப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரே இதைச் செய்து பார்க்கலாம். புழுக்கமான கடலோர ஊர்களுக்கு அந்த நூல் சொல்வது: வடக்கு தெற்கு பார்த்த நீளச் சுவர்கள், காற்று ஊடுருவும் ஒற்றை வரிசை அறைகள், அகன்ற திறப்புகள், வெப்பத்தைத் தேக்காத லேசான கூரை, சாரல் உள்ளே அடிக்காத தாழ்வாரம். வில்லியனூரிலும் பாகூரிலும் நெல்வயல் மனைகளாகி எழும் வீடுகளில் எத்தனை இப்படி இருக்கின்றன என்று ஒரு மாலை நடையில் எண்ணிவிடலாம். மனை எந்தத் தெருவைப் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் வீடும் பார்க்கிறது. மேற்கு வெயில் நடுக்கூடத்தில் இறங்குகிறது.

நகரத் திட்டத்தைப் பற்றியும் அவர் எண்ணம் மாறியது. ஐ.நா. அவை 1963இல் ஆப்ராம்ஸ், சுசுமு கோபே ஆகியோருடன் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. தீவின் நடுவிலுள்ள நீர்ப்பிடிப்புக் காட்டைத் தொடாமல், அதைச் சுற்றி வளையமாக நகரங்கள் அமையட்டும் என்று அவர்கள் சொன்ன யோசனை, 1971இல் அந்நாடு வகுத்த கருத்துத் திட்டத்தில் தடம் பதித்தது. அங்கே அடுக்குமாடி வீடுகளில் வாழும் தமிழர்கள் பலர், தங்கள் ஊரின் அமைப்பில் ஒரு பழைய மைசூர் அரசு ஊழியரின் கை இருப்பதை அறிந்திருக்க மாட்டார்கள். அவருக்கோ தாழ்ந்து பரவிய வீடுகளில்தான் விருப்பம். சிங்கப்பூர் வானத்தை நோக்கி வளர்ந்தது.

அதே 1960களில் அவர் 'செயல்வழித் திட்டமிடல்' என்ற கருத்தை எழுதினார். இருபது ஆண்டுக்கு ஊர் இப்படித்தான் இருக்கும் என்று வண்ணம் தீட்டிய வரைபடம், மக்கள் வெள்ளமாகப் பெருகும் நாடுகளில் மை காய்வதற்குள் பழசாகிவிடும் என்று அவர் வாதிட்டார். ஒரு பொதுத் திசையை மட்டும் வைத்துக்கொண்டு, சாலை, குடிநீர், வீடு, வேலை என்று உடனடிச் செயல்களைச் செய்து, விளைவைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போக வேண்டும் என்பது அவர் சொன்ன மாற்று. 40,000 பேருக்குப் புவனேசுவரத்தை வரைந்தவர் சொன்னதால் அதற்குக் கூடுதல் எடை உண்டு. நம் வாசலிலேயே ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லுக்குப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே விண்மீன் மண்டலச் சுழல் வடிவில் 50,000 பேருக்கான திட்டம் வரைந்தார். இன்று அங்கே சில ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். வளர்ந்த காட்டை வெட்டி வரைபடத்தின்படி வட்டச் சாலை போடுவதா, வளர்ந்ததை வைத்து வரைபடத்தை மாற்றுவதா என்ற வழக்கு அண்மையில் நீதிமன்றம் வரை போனது. ஆஞ்சேயின் சுழலும் அழகானதுதான். எதிர்பார்த்ததைவிட இருபது மடங்கு கூட்டம் வந்த புவனேசுவரமும், எதிர்பார்த்ததில் சிறு பங்கே வந்த ஆரோவில்லும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன.

கோனிக்ஸ்பெர்கர் 1970களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மனிதக் குடியிருப்புகள் குறித்த 'ஹாபிடாட் இன்டர்நேஷனல்' என்ற ஆய்விதழின் ஆசிரியராகவும் இருந்தார். 1989இல் ஐ.நா. அவையின் குடியிருப்புப் பிரிவு அவருக்கு ஹாபிடாட் கௌரவச் சுருள் வழங்கியது. 1999 ஜனவரி 3 அன்று, 90ஆம் வயதில், லண்டனில் காலமானார். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்துக்குப் போகும் மாணவர்கள், அவர் வரைந்த வானூர்திப் பொறியியல் துறைக் கட்டடத்தைக் கேட்டறிந்து பார்க்கலாம்.